கொஞ்சம் நகருங்க சார்!

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை எட்டரை மணி. பேப்பரும் காபியுமாக உட்கார்ந்திருந்தேன். சமையலறையிலிருந்து 'சிலீர்' என்று ஒரு சத்தம். ஆறு கண்ணாடி டம்ளர் கொண்ட செட்டில் ஒன்று காலி.

பாத்திரம் தேய்க்க வரும் அம்மா, கையில் சோப்பு நுரையோடு வந்து நின்றார்.

"கை வழுக்கிடுச்சு சார். சம்பளத்துல புடிச்சுக்குங்க."

"சேச்சே, அதெல்லாம் ஒண்ணும் வேணாம். கால்ல குத்திடாம பாத்துப் பெருக்குங்க" என்றேன் பெருந்தன்மையாக. ஒரு டம்ளர் என்ன, அறுபது ரூபாய் இருக்குமா? அந்த விலைக்குக் கிடைக்கிற பெருந்தன்மை எவ்வளவு மலிவானது என்பது எனக்கு அப்புறம்தான் உறைத்தது. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

உடைந்த சில்லுகளைப் பார்த்துக்கொண்டிருந்த என் மகள், பிளஸ் டூ படிக்கிறவள், திடீரென்று கேட்டாள். "அப்பா, கண்ணாடி சாலிடா, லிக்விடா?"

விடுவேனா? "லிக்விட்தான். ரொம்ப ரொம்ப மெதுவா ஓடும். ஐரோப்பால பழைய சர்ச் ஜன்னல்லாம் போய்ப் பாரு. கண்ணாடி கீழ்ப்பக்கம் தடிமனா இருக்கும். நூத்துக்கணக்கான வருஷமா வழிஞ்சு வழிஞ்சு அப்படி ஆயிடுச்சு."

"யார் சொன்னா?"

"எங்க பிசிக்ஸ் வாத்தியார்."

"அது தப்புப்பா" என்று சொல்லிவிட்டு டியூஷனுக்குப் போய்விட்டாள்.

நான் பி.காம். படித்தவன். பற்று, வரவு, இருப்பு நிலைக் குறிப்பு இவற்றைத் தாண்டி உலகத்தில் எதையும் உறுதியாகச் சொல்லத் தெரியாது. ஆனால், பத்திரிகைக்காரனுக்கு ஒரு சௌகரியம் உண்டு. தெரியாததைத் தேடிப் படிப்பதற்குச் சம்பளம் கொடுக்கிறார்கள். படித்தேன். மகள் சொன்னதுதான் சரி.

*

அந்த சர்ச் ஜன்னல் கதை பெரிய கட்டுக்கதை. அந்தக் காலத்தில் உருகிய கண்ணாடியைக் கம்பியின் நுனியில் வைத்துச் சுழற்றி, தோசை மாதிரி வட்டமாக விரியவைப்பார்கள். தோசையில் ஓரம் மெலிது, நடு தடிமன். அந்தக் கண்ணாடித் தகடும் எல்லா இடத்திலும் ஒரே தடிமனாக வராது. வெட்டிப் பொருத்துகிற ஆள், தடித்த பக்கம் கீழே இருந்தால் உறுதி என்று அப்படியே வைத்துவிட்டுப் போனார். அவ்வளவுதான் ரகசியம்.

1998-ல் பிரேசில் நாட்டு விஞ்ஞானி எட்கர் சனோட்டோ கணக்குப் போட்டுப் பார்த்தார். சாதாரண வெப்பநிலையில் கண்ணாடி கண்ணுக்குத் தெரிகிற அளவு வழிய வேண்டுமென்றால், பிரபஞ்சத்தின் வயதைவிடப் பல மடங்கு காலம் ஆகும் என்று விடை வந்தது. 2017-ல் இன்னொரு குழு, லண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் அபேயில் உள்ள பழைய கண்ணாடியின் சேர்மானத்தை அப்படியே எடுத்துக்கொண்டு துல்லியமாகக் கணக்கிட்டது. நூறு கோடி வருஷத்துக்கு ஏறக்குறைய ஒரு நானோமீட்டர். தலைமுடியின் தடிமனில் லட்சத்தில் ஒரு பங்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். எங்கள் வாத்தியார் இப்போது இல்லை. இருந்தால் வருத்தப்பட்டிருப்பார்.

சரி, அப்படியானால் கண்ணாடி சாலிட் என்று முடித்துவிடலாமா? அங்கேதான் வேடிக்கை.

உப்புக்கல்லை எடுத்துக்கொள்ளுங்கள். உள்ளே அணுக்கள் பள்ளிக்கூடப் பிரேயரில் நிற்கிற பிள்ளைகள் மாதிரி வரிசை பிசகாமல் நிற்கும். தண்ணீர், ரங்கநாதன் தெருவில் தீபாவளிக் கூட்டம். வரிசையும் இல்லை, ஒழுங்கும் இல்லை, ஆனால் எல்லாரும் நகர்ந்துகொண்டிருக்கிறார்கள். கண்ணாடியின் உள்ளே எக்ஸ்ரே போட்டுப் பார்த்தால் தெரிவது பிரேயர் வரிசை அல்ல. அதே ரங்கநாதன் தெருக் கூட்டம்தான்! ஆனால், ஒருத்தரும் நகரவில்லை.

ஒரே ஒரு போட்டோவைக் காட்டி, 'இது திரவமா, கண்ணாடியா?' என்று கேட்டால் சொல்வது கஷ்டம். இரண்டு போட்டோ வேண்டும், நடுவில் கொஞ்ச நேரம் விட்டு எடுத்தது. அமைப்பில் பெரிய வித்தியாசமில்லை. அசைவில்தான் வித்தியாசம்.

மணலையும் சோடாவையும் சுண்ணாம்பையும் உருக்கினால் தேன் மாதிரி ஒரு குழம்பு. ஆறவிட்டால் இறுகுகிறது. சில பொருள்கள் ஆறும்போது அணுக்களுக்கு வரிசையில் போய் நிற்க நேரம் கிடைக்கும். இதில் கிடைப்பதில்லை. வரிசைக்குப் போகிற வழியிலேயே உறைந்துவிடுகின்றன. ஜன்னல் கண்ணாடிக்கு இது சுமார் 550 டிகிரி செல்சியஸில் நடக்கிறது. எந்தக் கட்டத்தில் இதைக் 'கண்ணாடி' என்று அழைக்கலாம்? அதற்கு விஞ்ஞானிகள் ஒரு கோடு கிழித்திருக்கிறார்கள். தண்ணீரின் பிசுபிசுப்பைப்போல 1-க்குப் பின்னால் 15 சைபர் போட்ட மடங்கு ஆகும்போது. அந்த நிலையில் ஓர் அணுக்கூட்டம் தன்னைக் கொஞ்சம் மாற்றி அமைத்துக்கொள்ள ஏறக்குறைய நூறு விநாடி ஆகிறது. ஏன் நூறு விநாடி? இயற்கை சொன்ன கணக்கல்ல அது. பரிசோதனைச் சாலையில் மனுஷன் பொறுமையாகக் காத்திருக்கக்கூடிய நேரம், அவ்வளவுதான்.

தண்ணீர் பனிக்கட்டியாவதற்குத் தெளிவான காரணம் இருக்கிறது. கண்ணாடி ஏன் நிற்கிறது என்பதற்கு, எல்லாரும் ஒப்புக்கொள்கிற பதில் இன்றுவரை இல்லை. நோபல் பரிசு வாங்கிய பிலிப் ஆண்டர்சன் 1995-ல், திடப்பொருள் இயற்பியலில் விடை தெரியாத ஆழமான கேள்வி அநேகமாக இதுதான் என்று எழுதினார். நாம் தினமும் காலையில் முகம் பார்க்கிற, டீ குடிக்கிற சமாசாரத்தைப் பற்றித்தான்.

*

காரணம் முழுசாகத் தெரியாவிட்டாலும், உள்ளே என்ன நடக்கிறது என்று பார்த்துவிட்டார்கள்.

அணுவை நேரில் பார்ப்பது கஷ்டம். அதனால் அணுவுக்குப் பதிலாகக் குட்டிக் குட்டி பிளாஸ்டிக் மணிகள். ஒவ்வொன்றும் இரண்டு மைக்ரோமீட்டர் சொச்சம். ஒரு திரவத்தில் போட்டு, மணிகளின் நெரிசலைக் கூட்டிக்கொண்டே போகிறார்கள். மொத்த இடத்தில் சுமார் 58 சதவிகிதத்தை மணிகள் அடைத்துக்கொண்டால் போதும், கண்ணாடி மாதிரி நின்றுவிடுகிறது. (ஜன்னல் கண்ணாடியில் அணுக்கள் ரசாயனப் பிணைப்பாலும் கட்டப்பட்டிருக்கின்றன. இந்த மணிகளுக்கு அதுகூட இல்லை. நெரிசல் ஒன்றே போதுமாயிருக்கிறது என்பதுதான் ஆச்சரியம்.) 2000-ல் எரிக் வீக்ஸ், டேவிட் வைட்ஸ் முதலானவர்கள் இந்த மணிகளை மைக்ராஸ்கோப்பில் முப்பரிமாணப் படமாகவே எடுத்தார்கள்.

ஒவ்வொரு மணியும் சும்மா இல்லை. இருந்த இடத்திலேயே துடித்துக்கொண்டிருக்கிறது. இந்தப் பக்கம் முட்டுகிறது, அந்தப் பக்கம் முட்டுகிறது. ஆனால், வெளியே போக முடியவில்லை. சுற்றிலும் பக்கத்து மணிகள். இதைக் 'கூண்டு' என்றே சொல்கிறார்கள்.

சென்னையில் காலை ஒன்பது மணிக்கு மாநகரப் பேருந்தில் போனவர்களுக்கு விளக்க வேண்டாம். "உள்ள போங்க, உள்ள போங்க, நடுவுல காலியாத்தான் இருக்கு" என்பார் கண்டக்டர். "எங்கய்யா போறது? முன்னாடி இருக்கறவரு நகர்ந்தாத்தானே?" என்போம் நாம். முன்னாடி இருக்கிறவரும் அதையேதான் சொல்கிறார்.

இந்தக் கூண்டுக்குக் கம்பி எது? பக்கத்து மணிகள். சரி, பக்கத்து மணியை அடைத்து வைத்திருக்கிற கூண்டுக்குக் கம்பி எது? நான்!

இந்த இடத்தில் புத்தகத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டேன். காமர்ஸ் படித்தவனுக்கு இது சட்டென்று புரிகிற சமாசாரம். இரட்டைப் பதிவு முறை. எந்தப் பதிவும் ஒரு கணக்கில் மட்டும் நிற்காது. என் புத்தகத்தில் நான் கைதி. பக்கத்துவீட்டுக்காரர் புத்தகத்தில் அதே நான் காவலாளி. இரண்டும் ஒரே பதிவு, ஒரே தேதி, ஒரே தொகை. நாம் என்ன செய்கிறோம் என்றால், முதல் புத்தகத்தை மட்டும் தினமும் எடுத்துப் படித்துக் கண்ணீர் விடுகிறோம். இரண்டாவது புத்தகத்தைத் திறப்பதே இல்லை.

'என்ன சார் பண்றது, ஊர் உலகம் அப்படித்தானே இருக்கு' என்று நாம் சொல்கிறபோது, அந்த ஊர் உலகத்தில் நம்மைச் சேர்த்துக்கொள்வதில்லை, கவனித்திருக்கிறீர்களா?

*

எங்கள் அபார்ட்மென்ட்டில் அந்த அம்மாவுக்கு மொத்தம் ஐந்து வீடு. டம்ளர் உடைவதற்கு இரண்டு வருஷம் முன்பே, ஒருநாள் என் மனைவியிடம் கேட்டிருக்கிறார். "அக்கா, ஞாயித்துக்கிழமை மட்டும் லீவு கொடுத்தீங்கன்னா நல்லாருக்கும். புள்ளைங்களோட ஒரு நாள் இருக்கலாம்னு பாக்கறேன்."

"கொடுத்துடலாமே" என்றேன் நான்.

"நாம மட்டும் கொடுத்து என்ன பிரயோஜனம்? மத்த நாலு வீட்டுக்கு வரத்தானே போறாங்க? வந்த கையோட நம்ம வீட்லயும் தேச்சுட்டுப் போறதுல அவங்களுக்கு என்ன பெரிய வித்தியாசம்?" என்றார் மனைவி.

யோசித்துப் பாருங்கள், அந்தப் பதிலில் ஒரு தப்பும் இல்லை. ஐந்தில் ஒரு வீடு லீவு கொடுத்தால் அது லீவே அல்ல. முக்கால் மணி நேரம் முன்னதாக வீட்டுக்குப் போகலாம், அவ்வளவுதான். ஐந்து வீடும் சேர்ந்து கொடுத்தால்தான் அதற்குப் பேர் ஞாயிற்றுக்கிழமை. நானும் தலையாட்டினேன்.

அப்புறம் லிஃப்டில், வண்டி நிறுத்துகிற இடத்தில், பேச்சுவாக்கில் மற்றவர்களிடம் லேசாகப் போட்டுப் பார்த்தேன். "நீங்க எல்லாரும் கொடுத்தா நானும் கொடுக்கறேன் சார்" என்றார் ஒருவர். "ஞாயித்துக்கிழமைதானே சார் விருந்தாளி வர்றாங்க?" என்றார் இன்னொருவர். ஒரு வீட்டில் மாமியார் படுத்த படுக்கை. ஒரு நாள் ஆள் வராவிட்டால் அங்கே நிஜமாகவே கஷ்டம். "நீங்க பாட்டுக்குப் பழக்கி விட்டுடாதீங்க, அப்புறம் எங்களுக்குத்தான் தலைவலி" என்று ஒரு எச்சரிக்கையும் கிடைத்தது.

இவர்களில் யாரும் கெட்டவர்கள் இல்லை. தீபாவளிக்குப் புடவை எடுத்துக் கொடுப்பவர்கள், பிள்ளைகளுக்கு ஸ்கூல் ஃபீஸ் கட்டக் கடன் கொடுப்பவர்கள். கூண்டில் கொடுங்கோலன் யாரும் இல்லை. எல்லாரும் மணிகள்.

இப்படி ஒரு நிலைமைக்கு இயற்பியலில் பேரே இருக்கிறது, 'ஃபிரஸ்ட்ரேஷன்'. இது நாம் ஆபீசில் சொல்கிற ஃபிரஸ்ட்ரேஷன் அல்ல. கல்யாண வீட்டில் பந்தி உட்காரவைக்கிறீர்கள். பெரியப்பாவுக்கு மாமாவோடு ஆகாது, மாமாவுக்குச் சித்தப்பாவோடு ஆகாது, சித்தப்பாவுக்குப் பெரியப்பாவோடு ஆகாது. மூன்று பேர், இரண்டே வரிசை. எப்படி உட்காரவைத்தாலும் ஒரே வரிசையில் ஒரு சண்டை நிச்சயம். சில உலோகக் கலவைகளில் குட்டிக் காந்தங்கள் இதே மாதிரி மாட்டிக்கொள்கின்றன. 'சுழல் கண்ணாடி' என்று அதற்குப் பெயர். எல்லாருக்கும் பிடித்த ஏற்பாடு என்று ஒன்று கிடையாது. சுமாரான ஏற்பாடுகள் கோடிக்கணக்கில் இருக்கின்றன. ஏதோ ஒரு சுமாரில் போய் உட்கார்ந்துவிட்டால், அதைவிட நல்ல சுமாருக்குப் போவதற்குக்கூட வழியில்லாமல் அங்கேயே கிடக்கும். இந்தக் குழப்பத்துக்குள் ஒளிந்திருக்கிற கணக்கை 1979-ல் கண்டுபிடித்த இத்தாலிக்காரர் ஜார்ஜோ பாரிசிக்கு 2021-ல் இயற்பியல் நோபல் பரிசில் பாதி கிடைத்தது.

எங்கள் ஐந்து வீடும் ஒரு சுமாரான இடத்தில் உட்கார்ந்துவிட்டோம். அந்தச் சுமாருக்கான விலையை ஐந்து வீட்டுக்கும் வெளியே இருக்கிற ஒருவர் கொடுத்துக்கொண்டிருந்தார். இரண்டு வருஷம். நூற்று நான்கு ஞாயிற்றுக்கிழமை. டம்ளருக்குப் பணம் பிடிக்கமாட்டேன் என்று பெரிய மனசு பண்ணினேனே, அது அந்த நூற்று நான்கில் ஒன்று.

*

சரி, கண்ணாடிக்குள் ஒருவரும் நகரவே மாட்டார்களா?

நகர்கிறார்கள். இறுகிக்கொண்டிருக்கிற கூட்டத்தை மைக்ராஸ்கோப்பில் பார்த்தபோது தெரிந்தது இது. பெரும்பாலான மணிகள் கூண்டுக்குள்ளேயே துடித்துக்கொண்டிருக்க, திடீரென்று ஓர் இடத்தில் மட்டும் சில மணிகள் சேர்ந்து நகர்கின்றன. ஒரு மணி நகர்ந்து விட்ட இடத்துக்குப் பின்னால் இருந்தது வருகிறது, அதன் இடத்துக்கு அதற்கும் பின்னால் இருந்தது. ஒரு சரம் மாதிரி. 1998-ல் கம்ப்யூட்டர் கணக்கில் முதலில் தென்பட்ட சமாசாரம் இது. பேருந்தில் முன்னே ஒரே ஒருத்தர் அரை அடி நகர்ந்தால், அந்த அரை அடி பின்னால் படிக்கட்டு வரை வருமே, அதுதான்.

இதை எப்படிப் புரிந்துகொள்வது என்பதில் விஞ்ஞானிகள் இரண்டு கட்சி.

முதல் கட்சிக்கு அடித்தளம் போட்டவர்கள் ஆடம், கிப்ஸ் என்ற இரண்டு பேர். வருஷம் 1965. கூட்டம் இறுக இறுக, தனியாக ஒருத்தர் நகர்வது முடியாது. ஒரு கூட்டமே சேர்ந்துதான் நகர முடியும். குளிரக் குளிர அந்தக் கூட்டம் பெரிசாகிக்கொண்டே போகும், அத்தனை பேரும் ஒரே நேரத்தில் ஒத்துழைப்பது அபூர்வமாகிக்கொண்டே போகும். அதனால்தான் எல்லாம் நின்றுபோகிறது என்கிறது இந்தக் கட்சி.

இரண்டாவது கட்சி 2002-ல் கர்ராகன், சாண்ட்லர் இருவரும் வலுவாக எடுத்துவைத்தது. ஏற்கெனவே எங்கோ ஓர் அசைவு இருந்தால்தான் பக்கத்தில் அசைவு பிறக்கும். நகர்கிற ஒருத்தர், பக்கத்திலிருப்பவர் நகர்வதைச் சாத்தியமாக்குகிறார். அப்படி நகர்கிறவர்கள் குறைந்துகொண்டே போவதுதான் கண்ணாடி என்கிறது இந்தக் கட்சி.

பெங்களூரில் இந்திய அறிவியல் கழகத்தையும் ஜவாஹர்லால் நேரு உயராய்வு மையத்தையும் சேர்ந்த குழு ஒன்று, 2014-ல் ஒரு பரிசோதனை செய்தது. மணிகளின் கூட்டத்தில் இங்கொன்றும் அங்கொன்றுமாகச் சிலவற்றை மட்டும் லேசர் ஒளியால் இடுக்கி மாதிரி பிடித்து நகரவிடாமல் நிறுத்தினார்கள். இப்படிச் சில பேரை மட்டும் ஆணி அடித்த மாதிரி நிறுத்திவைத்தாலே, அவர்களைச் சுற்றி உள்ளவர்கள் எல்லாருமாக இறுகத் தொடங்குகிறார்கள். ஆணி அடிப்பது யாரையோ, நிற்பது எல்லாரும். அதோடு இன்னொன்றும் கண்டார்கள். நெரிசல் கூடக்கூட, அசைவு பக்கத்து அசைவைச் சார்ந்திருப்பது குறையவில்லை, கூடுகிறது! கூட்டம் தளர்வாக இருக்கும்போது யார் நகர்ந்தாலும் யாருக்கும் பெரிய லாபமில்லை. இறுகிக் கிடக்கும்போதுதான் ஒருவர் விடுகிற அரை அடிக்கு மதிப்பு.

இதோடு இரண்டாவது கட்சி ஜெயித்துவிட்டது என்று நினைக்காதீர்கள். அதே பெங்களூர் விஞ்ஞானிகள் அடுத்த வருஷமே முதல் கட்சியின் பக்கம் பேசுகிற சான்றுகளையும் வெளியிட்டார்கள். வழக்கு இன்னும் நடந்துகொண்டிருக்கிறது.

எனக்கு ஆச்சரியமாக இருந்தது வேறு. இந்த இரண்டு கட்சியும் நம் ஊர் டீக்கடையில் தினமும் நடக்கிற விவாதம்தானே? 'எல்லாரும் சேர்ந்தா மாறும் சார், நான் ஒருத்தன் என்ன செய்ய முடியும்?' என்பது ஒன்று. 'யாராவது ஒருத்தர் ஆரம்பிச்சாத்தானே?' என்பது இன்னொன்று. லஞ்சம் கொடுப்பதில், வரதட்சணை வாங்குவதில், பிள்ளையை எட்டாம் வகுப்பிலிருந்தே கோச்சிங் அனுப்புவதில் எல்லாம் இதே இரண்டு வாக்கியம்தான். நாம் இவற்றில் எதைச் சொல்கிறோம் என்பது, அன்றைக்கு நமக்கு எது சௌகரியம் என்பதைப் பொறுத்தது.

*

இந்த இடத்தில், கண்ணாடியின் ரகசியத்தைப் படித்து எனக்கு ஞானோதயம் வந்தது, நான் முதல் அடியை எடுத்துவைத்தேன் என்று எழுத ஆசைதான். நடந்தது அதுவல்ல.

தரைத்தளத்தில் ஓய்வுபெற்ற டீச்சரம்மா ஒருவர் தனியாக இருக்கிறார். ஒரு மாசம் ஒண்ணாம் தேதி, சம்பளத்தைக் கையில் கொடுத்து, "இனிமே ஞாயித்துக்கிழமை என் வீட்டுக்கு வராதம்மா. என் ரெண்டு தட்டை நானே கழுவிக்கறேன்" என்று சொல்லிவிட்டார். யாரையும் கூப்பிட்டுக் கூட்டம் போடவில்லை. யார் கொடுப்பார்கள், யார் கொடுக்கமாட்டார்கள் என்று கணக்குப் பார்க்கவில்லை. 'நான் மட்டும் கொடுத்து என்ன பிரயோஜனம்' என்ற கேள்விக்கு அவரிடம் பதில் இல்லை. அந்தக் கேள்வியையே அவர் கேட்டுக்கொள்ளவில்லை.

என்ன ஆயிற்று? அந்த அம்மாவுக்கு உடனே பெரிசாக ஒன்றும் ஆகவில்லை. மற்ற நான்கு வீட்டுக்கு வந்துகொண்டுதான் இருந்தார். ஆனால், எங்கள் நான்கு வீட்டிலும் ஒரு சின்ன மாற்றம் நடந்துவிட்டது. 'யாருமே கொடுக்கறதில்லையே' என்ற வாக்கியத்தை இனிமேல் சொல்ல முடியாது. அரை அடி காலி.

அடுத்த மாதம் இரண்டாவது மாடியில் புதிதாகக் கல்யாணமான ஜோடி. அப்புறம், விருந்தாளி வருகிறார்கள் என்று சொன்ன வீடு. அதற்கும் அப்புறம்தான் நாங்கள். அதாவது, இப்போது இந்தப் பக்கத்தில் இவ்வளவு நியாயம் பேசுகிற ஆள், ஐந்து வீட்டில் நான்காவது. நகராமல் இருப்பதற்குக் கூச்சமாகிவிட்ட பிறகு நகர்ந்தவன். அதில் எனக்கு என்ன புண்ணியம் இருக்கிறது என்று தெரியவில்லை. ஆனால், நான்காவது ஆளும் நகர்ந்துதான் ஆக வேண்டும், இல்லாவிட்டால் சரம் அங்கேயே அறுந்துவிடும் என்று சமாதானம் செய்துகொள்கிறேன்.

ஐந்தாவது, மாமியார் படுத்திருக்கிற வீடு. அவர்களால் முடியவில்லை. அந்த வீட்டைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஆணி அடித்ததுபோல் நிற்பவர்கள் எல்லாரும் விரும்பியா நிற்கிறார்கள்?

இரண்டு மாதம் போனது. ஒரு நாள் அந்த அம்மாவே சொன்னார். "அந்த வீட்ட விட்டுட்டேன் சார். அவங்களத் தப்பு சொல்லல. ஞாயித்துக்கிழமை ஆள் இல்லாம அவங்களுக்கு முடியாது. எனக்குத் தெரிஞ்ச வேற ஒரு பொண்ண விட்டிருக்கேன்."

"அந்தச் சம்பளம்?"

"போவுது சார்."

மாசம் இரண்டாயிரத்து ஐந்நூறு ரூபாய். நான் எத்தனையோ ராத்திரி யோசித்தும் அவிழ்க்க முடியாத முடிச்சை, தன் வருமானத்தில் ஐந்தில் ஒரு பங்கை விட்டுக்கொடுத்து அவரே அவிழ்த்துக்கொண்டுவிட்டார். இத்தனை நாளாக நாங்கள் ஐந்து வீட்டுக்காரர்கள்தான் மணிகள், அவர் எங்கள் நடுவில் மாட்டிக்கொண்டவர் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். கடைசி அடியை வைத்தவர் அவர். அதிக விலை கொடுத்தவரும் அவர்தான். எங்கள் நான்கு வீட்டுக்கும் ஆன செலவு, வாரத்துக்கு ஒரு நாள் நாலைந்து பாத்திரம்.

அவர் விட்ட இடத்தில் இப்போது இன்னொரு பெண் ஞாயிற்றுக்கிழமை வருகிறார். கூண்டு காலியாகவில்லை. ஆள் மாறியிருக்கிறது.

*

கண்ணாடியை இளக்க இன்னொரு வழி இருக்கிறது. மறுபடி சூடாக்குவது. வெளியிலிருந்து வெப்பம் வந்தால் எல்லா அணுக்களுக்கும் ஒரே நேரத்தில் தெம்பு வரும், யாரும் யாருக்காகவும் காத்திருக்க வேண்டாம். சட்டம் என்பது அந்த மாதிரி வெப்பம். வீட்டு வேலை செய்பவர்களுக்கு வாரத்தில் தொடர்ந்து 24 மணி நேரமாவது ஓய்வு வேண்டும் என்கிற உடன்படிக்கையைச் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 2011-லேயே நிறைவேற்றியது. இந்தியா ஆதரித்து ஓட்டுப் போட்டது. ஆனால், அதற்கு முறைப்படி ஒப்புதல் கொடுக்கவில்லை. அடுப்பு மூட்ட ஒப்புக்கொண்டோம், தீப்பெட்டியை எடுக்கவில்லை.

அடுப்பு எரியும் வரை? அதுதான் கேள்வி.

இயற்பியலிலிருந்து நீதி போதனை எடுப்பது ஆபத்து. எனக்குத் தெரியும். பிளாஸ்டிக் மணிக்கு மனசாட்சி கிடையாது. எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று எந்தச் சமன்பாடும் யாருக்கும் சொல்லப்போவதில்லை. ஆனால், மணிக்கும் நமக்கும் நடுவே ஒரு வித்தியாசம் இருக்கிறதே, அதைக் கண்ணாடிதான் எனக்குக் காட்டிக் கொடுத்தது. தன்னைச் சுற்றிக் கூண்டு இருப்பதுகூட மணிக்குத் தெரியாது. பக்கத்து மணிக்குத் தான்தான் கூண்டு என்பது நிச்சயமாகத் தெரியாது. அதனால் அது நிரபராதி. நமக்கு இரண்டும் தெரியும். இரண்டாவதைத் தெரியாத மாதிரி இருக்கிறோம்.

'நான் மட்டும் நகர்ந்து என்ன ஆகும்?' என்பது பெரும்பாலும் உண்மையான கேள்வி. பெரும்பாலும் அதற்குப் பதில், 'ஒன்றும் ஆகாது' என்பதுதான். அதை மறுக்க முடியாது. ஆனால், 'நான் நகராமல் இருப்பதால் யாருக்கு என்ன ஆகிறது?' என்று இன்னொரு கேள்வி உண்டு. இரட்டைப் பதிவில் இரண்டாவது புத்தகம். அதில் என் பேருக்கு நேராக நூற்று நான்கு ஞாயிற்றுக்கிழமை எழுதியிருக்கிறது. ஒன்றுகூடத் தள்ளுபடி ஆகாது.

இப்போதெல்லாம் ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டில் பாத்திரம் தேய்ப்பது நான். மனைவி ஒரு முறை பார்த்துவிட்டு, அடி பிடித்த பாத்திரங்களை மட்டும் என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். கண்ணாடி டம்ளரைத் தேய்க்கும்போது மட்டும் கொஞ்சம் பயம். சோப்புக் கையில் நிஜமாகவே வழுக்குகிறது.

திங்கட்கிழமை காலை அந்த அம்மா வந்ததும் முதலில் ஷெல்ஃபைத்தான் பார்ப்பார். ஒன்று, இரண்டு என்று மனசுக்குள் எண்ணுவது முகத்திலேயே தெரியும். அப்புறம் என் பக்கம் திரும்பிச் சிரிப்பார்.

"அஞ்சும் இருக்கு சார். பரவால்லையே!"